கறித்தூளுக்கு வைத்த பொட்டு

உடையப்பனுக்கு எட்டு ஆகாது. சிலருக்கு நண்டு ஆகாது, சிலருக்குக் கத்தரிக்காய் ஆகாது. தின்ற கையோடு உடம்பெல்லாம் தடித்துப் போகும். உடையப்பனுக்குத் தின்னவே வேண்டாம், பார்த்தாலே போதும். ஒருமுறை காய்ச்சலில் படுத்தபோது எட்டாம் எண் கட்டிலைக் கொடுத்துவிட்டார்கள் என்று, கையில் ஏறிக்கொண்டிருந்த மருந்துப் பையைத் தானே தூக்கிக்கொண்டு தாழ்வாரத்து நாற்காலியில் போய் உட்கார்ந்தவர். காய்ச்சல் இறங்கியது. மருந்து இறக்கியது என்று மருத்துவர் சொன்னார். நாற்காலி இறக்கியது என்று உடையப்பன் சொன்னார்.

அப்பேர்ப்பட்டவருடைய மீன் கறித்தூள் பாக்கெட்டில், பார்கோட்டுக்குக் கீழே வரிசையாக நின்ற எண்களில் கடைசி எண் எட்டாக இருந்தது.

"துளசி, இது யாரு போட்டது?" என்றார்.

துளசி கணினியிலிருந்து தலையை எடுக்கவில்லை. புஞ்சாக் ஆலாமில் படித்து முடித்துவிட்டு, அவருடைய மசாலா மில்லில் லேபிள் வடிவமைக்கவும் லேபிள் அடிக்கும் மெஷினை ஓட்டவும் வந்து சேர்ந்த பெண் அவள்.

"யாரும் போடல அங்கிள். அதுவா வந்துச்சு."

"அதுவா வர்றதுக்கு அது என்னா, தலைவலியா?"

மில், பெஸ்தாரி ஜெயா ஊரைத் தாண்டி, செம்பனைத் தோட்டம் முடிந்து கடைவரிசை தொடங்கும் இடத்தில் இருந்தது. ரவாங்கில் அவர் வேலை பார்த்த தொழிற்சாலை மூடியபோது கையில் வந்த பணத்தில் தொடங்கியது. மூலதனம் என்று சொன்னால் அது அவர் மனைவி அமராவதியின் கைப்பக்குவம்தான். ஆனால் பாக்கெட்டின் முகப்பில் இருந்தது உடையப்பனின் படம்: கோட்டு, டை, கைகட்டி நிற்கும் நிலை. மிளகாயை வறுத்தவள் உள்ளே இருமிக்கொண்டிருந்தாள்.

கோல சிலாங்கூரில் புதிதாகத் திறந்திருந்த பெரிய சூப்பர்மார்க்கெட் ஒன்று, தீபாவளிக் காலத்துக்கு மட்டும் அவருக்கு ஒரு ரேக் தர ஒப்புக்கொண்டிருந்தது. ஒழுங்காக ஓடினால் அந்த ரேக் நிலைக்கும். பணம் கட்டும் இடத்தில் ஏதாவது தகராறு வந்தால் எடுத்துவிடுவார்கள். ஜெராமிலும் சபாக்கிலும் கடை கடையாக ஏறி இறங்கிக் கறித்தூள் விற்றவருக்கு, கண்ணாடிக் கதவு தானாகத் திறக்கிற கடையில் ஓர் இடம். அதை நினைத்து உடையப்பன் தூக்கத்தில் சிரித்ததை அமராவதி பார்த்திருக்கிறாள்.

அந்த ரேக்குக்குப் போகப்போகிற பாக்கெட்டில் எட்டு உட்கார்ந்திருந்தால் மனிதர் என்ன செய்வார்? ரவாங்குக்குப் போன் போட்டார்.

ரவாங்கில் எண்கணித மாமணி நல்லசாமி இருந்தார். மாமணி என்ற பட்டத்தை அவருக்கு யார் கொடுத்தார்கள் என்று யாருக்கும் தெரியாது. பெயர்ப்பலகை எழுதியவர் கொடுத்திருக்கலாம். உடையப்பனின் கம்பெனிப் பெயரில் ஆங்கிலத்தில் ஓர் ஏயும் இரண்டு பியும் கூடுதலாகச் சேர்த்துவிட்டவர் அவர்தான். அதன்பிறகு அந்தப் பெயரைப் படிக்க முயன்ற வங்கிப் பெண் நடுவில் ஒருமுறை நின்று மூச்சு வாங்கினாள்.

போனை வைத்த உடையப்பனின் முகம் இன்னும் கறுத்திருந்தது.

"கடைசி நம்பர் எட்டு. அது போதாதுன்னு, எல்லா நம்பரையும் கூட்டுனாலும் எட்டுதான் வருதாம். ரெட்டைச் சனி. கடைசி எட்ட அஞ்சாக்கிடு. அப்போ கூட்டினாலும் அஞ்சு வரும். அஞ்சு வியாபாரத்துக்கு உள்ள நம்பர்."

"அங்கிள், முன்னாடி இருக்கிறதெல்லாம் நமக்குன்னு பதிஞ்சு கொடுத்த நம்பர். சூப்பர்மார்க்கெட் கம்ப்யூட்டர்லயும் ஏத்தியாச்சு. கடைசி நம்பர் யார் கையிலயும் இல்ல. முன்னாடி இருக்கிறதயெல்லாம் பெருக்கிக் கூட்டி மெஷினே போடுறது. கடையில உள்ள மெஷினும் அதே கணக்கப் போட்டுப் பாக்கும். ஒத்து வந்தாதான் சாமானை எடுத்துக்கும்."

உடையப்பனின் மண்டையில் ஒன்றும் ஏறவில்லை. துளசி நாற்காலியை அவர் பக்கம் திருப்பினாள்.

"எங்க தாத்தா சொல்வாரு அங்கிள். தோட்டத்துல வேலை வாங்குற மண்டோர் ஒரு கணக்குக் கொண்டாருவாரு. ஆபீஸ்ல கணக்கு எழுதுற கிராணி அதத் திரும்பக் கூட்டிப் பாத்துதான் சரின்னு சொல்வாரு. இந்த எட்டு நம்ம கிராணி."

"என் கம்பெனி கிராணிய மாத்த எனக்கு உரிமை இல்லையா?"

உள்ளேயிருந்து அமராவதியின் குரல் வந்தது. "தலைக்கு மேல மாட்டி வெச்சிருக்கீங்களே அஷ்டலட்சுமி படம், அதுல எத்தனை லட்சுமின்னு எண்ணிட்டு அப்புறம் அந்தப் பொண்ணைத் திட்டுங்க."

உடையப்பன் மேலே பார்த்தார். எட்டுப் பேரும் அவரைப் பார்த்தார்கள். ஒரு கணம்தான் தடுமாறினார்.

"அது தெய்வ எட்டு. இது வியாபார எட்டு. ரெண்டும் வேற."

"இது உங்க பேச்சா, நல்லசாமி பேச்சா?"

"ரெண்டு பேருக்கும் ஒரே பேச்சுதான்."

துளசிக்கு அலுத்துவிட்டது. அந்த லேபிளுக்காக அவள் ஏற்கெனவே நிறையப் போராடியிருந்தாள். பிள்ளையார் வேண்டும், கோட்டுப் படம் வேண்டும், நீண்டுபோன கம்பெனிப் பெயர் பெரிய எழுத்தில் வேண்டும் என்று அவர் கேட்டதையெல்லாம் போட்டுவிட்டு, பார்கோட்டின் இரண்டு பக்கமும் கொஞ்சம் வெறுமையாக விட்டிருந்தாள். வெறுமை இல்லாவிட்டால் கோடு எங்கே தொடங்குகிறது என்று மெஷினுக்குத் தெரியாது. உடையப்பனோ, காசு கொடுத்து வாங்கிய இடம் சும்மா கிடக்கிறதே என்று அங்கே தன் போன் நம்பரைப் போடச் சொல்லி ஒரு நாள் முழுக்க வாதாடினார். மிளகாய்த்தூளும் எண்ணெய்க் கையும் படுகிற பாக்கெட்டு, துடைத்தால் போகாத பளபளப்பு லேபிள்தான் வேண்டும் என்று இவளும் வாதாடி வாங்கினாள். இப்போது எட்டு.

எதிரில் நின்ற மனிதரைப் பார்த்தாள். உண்மையிலேயே பயந்துபோயிருந்தார். சந்தோஷமாக இருக்கட்டுமே என்று தோன்றியது.

"சரி அங்கிள். அஞ்சு போடுறேன்."

லேபிள் வடிவமைக்கும் மென்பொருளில், கோடுகளுக்குக் கீழே எண் காட்டுவதை நிறுத்திவைக்க ஒரு வசதி உண்டு. அதை நிறுத்தினாள். அந்த இடத்தில் தனியாக ஒரு வரி எழுதும் பெட்டியை வைத்து, ஐந்தில் முடிகிற எண்ணைத் தட்டினாள். கோடுகளை அவள் தொடவில்லை. கோடுகளுக்குள் எட்டு அப்படியே இருந்தது. கீழே எழுத்தில் ஐந்து இருந்தது. கோடுகளைப் படிக்க உடையப்பனுக்குத் தெரியாது. எண்களைப் படிக்க மெஷின் மெனக்கெடாது. இரண்டு தரப்பும் திருப்தி.

துளசியின் எண்ணம் நல்லது. ஆனால் நல்ல எண்ணத்தில் செய்த காரியங்களைத்தான் நாம் யாரும் இரண்டாவது முறை சரிபார்ப்பதில்லை.

முதல் சுமையைக் கொண்டுபோன அன்று உடையப்பன் பட்டு வேட்டி கட்டியிருந்தார். சூப்பர்மார்க்கெட்டின் இளம் மேலாளர் ஷர்வின், சாமான்களை அடுக்க ஆள் அனுப்புவதாகச் சொன்னதைக் கேட்காமல் தானே அடுக்கினார். தன்னுடைய படங்கள் எல்லாம் ஒரே பக்கம் பார்க்க வேண்டுமே. அடுக்கி முடித்து, முதல் பாக்கெட்டைத் தானே வாங்குவதற்காகப் பணம் கட்டும் இடத்தில் போய் நின்றார்.

அங்கே நித்தியா என்ற பெண் உட்கார்ந்திருந்தாள். தஞ்சோங் காராங் பக்கத் தோட்டத்திலிருந்து பஸ் ஏறி வருகிறவள். அவள் பாக்கெட்டை எடுத்தாள்.

"இடது கையால எடுக்காதம்மா," என்றார் உடையப்பன்.

"ஆ?"

"முதல் போணி. வலது கையால எடுத்து, கிழக்கப் பாத்து ஸ்கேன் பண்ணு."

நித்தியா சுற்றிலும் பார்த்தாள். "கிழக்கு எந்தப் பக்கம் அங்கிள்? இங்க ஏர்கோண்ட் மட்டும்தான் தெரியுது."

பின்னால் நின்ற சீனப் பெரியவர் ஒருவர் பொறுமையாகக் கையை நீட்டி மீன் பகுதியைக் காட்டினார். நித்தியா பாக்கெட்டை வலது கைக்கு மாற்றி, மீன்களைப் பார்த்தபடி ஸ்கேன் செய்தாள். மெஷின் பிப் என்றது. திரையில் பெயரும் விலையும் வந்தன. உடையப்பன் கண்ணை மூடிக் கும்பிட்டார். அவருக்கு நன்றி சொல்ல நிறையப் பேர் இருந்தார்கள்: முருகன், நல்லசாமி, ஐந்து. நித்தியா அந்த வரிசையில் இல்லை.

கறித்தூள் விற்றது. அமராவதியின் கறித்தூளுக்கு விற்காமல் இருக்கத் தெரியாது. ஒருமுறை வாங்கிய மலாய்க்கார அம்மாக்கள் மறுமுறை அக்காளையும் கூட்டிக்கொண்டு வந்தார்கள். உடையப்பனோ கோயிலில் வெள்ளிக்கிழமை பூஜை முடிந்து செருப்பைத் தேடுகிறவர்களையெல்லாம் நிறுத்திவைத்து, ஐந்தின் பெருமையைச் சொன்னார். நல்லசாமியைக் கூப்பிட்டு எல்லார் முன்னாலும் பொன்னாடை போர்த்தினார். வெயிலில் வந்த நல்லசாமி பொன்னாடைக்குள் வியர்த்தபடி, "நம்பர் பேசும் தம்பி, நம்பர் பேசும்," என்றார். அமராவதிக்கு யாரும் எதுவும் போர்த்தவில்லை. அவள் மடைப்பள்ளியில் சுண்டல் கிளறிக்கொண்டிருந்தாள்.

தீபாவளிக்கு முந்திய வாரம் பெரிய சுமை ஒன்று போக வேண்டியிருந்தது. அதற்காக நல்லசாமி ஒரு யோசனை சொன்னார். எண் நன்றாக வேலை செய்கிறது. அதற்கு மரியாதை செய்தால் இன்னும் நன்றாக வேலை செய்யும். ஒவ்வொரு பாக்கெட்டிலும் அந்த எண் இருக்கும் இடத்தில் சந்தனம் வைத்து, அதன்மேல் குங்குமம் வைக்க வேண்டும்.

துளசி சித்தி மகளின் நிச்சயதார்த்தத்துக்காக விடுப்பு எடுத்துக்கொண்டு முன்னாடியே சபாக்குக்குப் போயிருந்தாள். இருந்திருந்தால் கத்தியிருப்பாள்.

அமராவதி மட்டும் கேட்டாள். "பெட்டிக்கு ஒரு பொட்டு வெச்சா போதாதா? பாக்கெட்டுக்குப் பாக்கெட்டு எதுக்கு? அத என்னா, பொண்ணு பாக்க வர்றாங்களா?"

"பக்தியில சிக்கனம் பாக்காத."

சிக்கனம் பார்க்கவில்லை. சந்தனத்தைக் குழைத்துக் குழைத்து வைத்தார். எண் சிறிய எழுத்து, எண்ணுக்குப் பொட்டு வைத்தால் பார்வைக்கு எடுக்கவில்லை. கோடுகளின் நடுவில் வைத்தால் நெற்றியில் வைத்ததுபோல் லட்சணமாக இருந்தது. அதனால் கோடுகளின் மேலேயே வைத்தார். ஒவ்வொரு பாக்கெட்டிலும் கருப்புக் கோடுகளுக்கு நடுவே மஞ்சள் வட்டமும் அதற்குள் சிவப்பு வட்டமும் பளிச்சென்று நின்றன. முதுகு விட்டுப்போனது. அன்று இரவு பலகாரமும் வேண்டாம் என்று படுத்தவர், மறுபடியும் தூக்கத்தில் சிரித்தார்.

சனிக்கிழமை காலை ஷர்வின் போன் செய்தான்.

"அங்கிள், கொஞ்சம் உடனே வர முடியுமா? உங்க சாமான் கவுண்டர்ல போக மாட்டேங்குது."

"விக்கலையா?"

"விக்குது அங்கிள். அதான் பிரச்சினை. ஆளுங்க கையில வெச்சுக்கிட்டு நிக்கிறாங்க."

உடையப்பன் போய்ச் சேர்ந்தபோது, கண்ணாடிக் கதவு தானாகத் திறந்தது. உள்ளே வரிசைகள் பால் பகுதி வரை நீண்டிருந்தன. நித்தியாவின் மெஷினுக்கு முன்னால் ஒரு வண்டி நிறையச் சாமானோடு ஒரு குடும்பம் நின்றது. அவள் கறித்தூள் பாக்கெட்டை இப்படித் திருப்பினாள், அப்படித் திருப்பினாள், வலது கையாலும் காட்டிப் பார்த்தாள். மெஷின் வாயைத் திறக்கவில்லை. கீழே இருந்த எண்ணை ஒவ்வொன்றாகத் தட்டினாள். திரை சிவந்தது: அப்படி ஒரு எண் இல்லை.

"இன்னைக்கு மீன் கறியா, கருவாட்டுக் கறியா?" என்று வரிசையில் யாரோ கேட்டார்கள். "வீட்டுக்குப் போறதுக்குள்ள மீனு நாறிடும் லா."

"பாக்கெட்டப் பாரு. கல்யாணமே முடிஞ்ச மாதிரி பொட்டு வெச்சு அனுப்பியிருக்கானுங்க."

"பாக்கெட்டுல கோட்டு போட்டு நிக்கிறாரே, மாப்பிள்ளை அவரா?"

மாப்பிள்ளை அவர்களுக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தார். கோட்டு இல்லாததால் யாருக்கும் அடையாளம் தெரியவில்லை. வாழ்க்கையில் முதன்முறையாக உடையப்பன் தன் படம் தன்னைப்போல் இல்லாததற்குக் கடவுளுக்கு நன்றி சொன்னார்.

ஷர்வின் அவரை ஓரமாக அழைத்துப்போனான். மரியாதையான பையன், ஆனால் அவசரத்தில் இருந்தான்.

"அங்கிள், கோடு மறைஞ்சிருக்கு, மெஷின் படிக்கல. சரி, கையால நம்பர் அடிக்கலாம்னா, நம்பரே தப்புன்னு வருது. ரெண்டும் போனா நான் எப்படி விக்கிறது? பன்னிரண்டு மணிக்கு மேல கூட்டம் இன்னும் ஏறும். அந்த ரேக்க எடுத்திட்டுக் கிச்சாப் வெக்கச் சொல்லி மேல இருந்து மெசேஜ் வந்திருச்சு."

"கிச்சாப்பா?" அவருடைய இடத்தில் சோயா சாஸ் பாட்டில்கள் நிற்பதை உடையப்பன் மனக்கண்ணில் பார்த்தார். "தம்பி, நம்பர் தப்பா இருக்க வாய்ப்பே இல்ல. பெரிய ஆளு பாத்து எழுதிக் கொடுத்த நம்பர்."

"கம்ப்யூட்டருக்குப் பெரிய ஆளு சின்ன ஆளு தெரியாது அங்கிள்."

அந்த நேரத்தில் நித்தியாவின் பக்கம் வரிசையின் சத்தம் சட்டென்று அடங்கியது.

இருவரும் திரும்பினார்கள். நித்தியா இருக்கையிலிருந்து எழுந்து நின்றிருந்தாள். ஈரத்தாளை எடுத்துத் துடைக்கப் போனவள், கையை நிறுத்திவிட்டுக் கீழே இருந்த குப்பைக்கூடையைப் பார்த்தாள். பிறகு பாக்கெட்டின் மேலிருந்த குங்குமத்தை மோதிர விரலால் மெல்ல எடுத்துத் தன் நெற்றியில் வைத்துக்கொண்டாள். சந்தனத்தைக் கழுத்தில் தடவிக்கொண்டாள். மிச்சத்தை ஈரத்தாளால் துடைத்தாள். கோடுகள் வெளியே வந்தன. மெஷின் பிப் என்றது.

"ஒரு நிமிஷம் பொறுத்துக்குங்க ஆண்ட்டி," என்றாள் வரிசையிடம். "சாமி கும்பிட்டு அனுப்பியிருக்காங்க. இந்த மெஷின் சிவப்பு வெளிச்சத்துல பாக்குது, அதுக்குக் குங்குமம் தெரியாது. வெறும் வெள்ளையாத் தெரியும். நமக்குத் தெரியுது இல்ல, நாம எடுத்துக்கலாம்."

வரிசையில் நின்ற ஒரு பெண்மணி, "எங்க கொடு," என்று அடுத்த பாக்கெட்டை வாங்கி அவளும் நெற்றியில் வைத்துக்கொண்டாள். பக்கத்து மெஷினில் இருந்த கா ரோஸ் என்ற மலாய்க்காரப் பெண் எதுவும் கேட்காமல் தன்னிடமிருந்த ஈரத்தாள் பெட்டியை நித்தியாவிடம் நகர்த்தினாள். கேலி நின்றுபோனது. கேலி செய்தவர்களே பொட்டு வைத்துக்கொண்டு நின்றால் எப்படிக் கேலி செய்வது?

கிழக்கு எது என்று உடையப்பன் அன்று அலைக்கழித்த பெண் அவள். அவரைப் பார்த்ததும் அடையாளம் கண்டுகொண்டாள். 'இவர்தான் அவர்' என்று வரிசைக்குக் காட்டிக்கொடுத்திருக்கலாம். ஒரு சிரிப்பு கிடைத்திருக்கும். அவள் கையைக்கூட நீட்டவில்லை. "அங்கிள், ரேக்குல இருக்கிறத நீங்க துடைங்க, இங்க வர்றத நான் பாத்துக்கிறேன்," என்று மட்டும் சொன்னாள்.

உடையப்பன் ரேக்கின் முன்னால் தரையில் உட்கார்ந்து துடைக்கத் தொடங்கினார். குங்குமத்தைக் குப்பையில் போட அவருக்கும் மனம் வரவில்லை. நெற்றியில் வைத்தார். அடுத்ததையும் வைத்தார். நெற்றி நிறைந்ததும் கையில் தடவினார், கழுத்தில் தடவினார். காளி கோயில் திருவிழாவில் சாமி வந்து ஆடி ஓய்ந்தவர்போல் ஆனார். ஒரு குழந்தை பயந்து அம்மாவின் பின்னால் ஒளிந்துகொண்டது.

துடைத்துக்கொண்டே துளசிக்குப் போன் போட்டார்.

"கோடு துடைச்சா வேலை செய்யுது. ஆனா நம்பரை அடிச்சா, அப்படி நம்பரே இல்லங்குது. ஏன்?"

அந்தப் பக்கம் நாதஸ்வரச் சத்தம் கேட்டது. துளசி சத்தத்தை விட்டுத் தள்ளி வந்தாள்.

"அங்கிள்... கோட்டுக்குள்ள இருக்கிறது எட்டு. நான் மாத்தல. மாத்தினா மெஷினே எடுக்காது. கீழ எழுத்துல மட்டும்தான் அஞ்சு போட்டேன்."

"அப்போ இத்தனை நாளும்?"

"இத்தனை நாளும் எட்டுதான் அங்கிள் போய்க்கிட்டு இருந்துச்சு."

உடையப்பன் பாக்கெட்டைக் கீழே வைத்தார். மலாய்க்கார அம்மாக்கள் வாங்கியது எட்டு. அவர்கள் அக்காள்கள் வாங்கியது எட்டு. கோயிலில் செருப்புத் தேடியவர்களை நிறுத்திவைத்து அவர் பெருமை பேசியது எட்டைப் பற்றி. பொன்னாடையைப் போர்த்தியதும் எட்டுக்குத்தான். நல்லசாமி நடுவில் நின்று வியர்த்திருக்கிறார், அவ்வளவுதான்.

நல்லசாமிக்குப் போன் போட்டார். எண்ணைத் தேடி எடுத்தபோதுதான் அதைப் பார்த்தார். நல்லசாமியின் கைப்பேசி எண் எட்டில் முடிந்தது. இத்தனை வருடமாக அதை அழுத்திக்கொண்டிருந்திருக்கிறார், உடம்பு தடிக்கவே இல்லை.

"ஐயா, உங்க போன் நம்பர்லயே எட்டு இருக்கே."

"எனக்கு எட்டு உச்சம் தம்பி. எனக்குச் செய்யும், உனக்குச் செய்யாது."

"எனக்கும் செஞ்சிருக்குங்க ஐயா. ரேக்கு காலியாற அளவுக்குச் செஞ்சிருக்கு."

நல்லசாமி யோசித்தார். "அப்போ அது நான் உன் கம்பெனி பேர்ல சேத்த எழுத்தோட பலன்," என்றார்.

உடையப்பன் போனை வைத்தார். அடுத்த பாக்கெட்டைத் துடைக்க வேண்டியிருந்தது.

மதியம் ஷர்வின் வந்து பார்த்தபோது பொட்டு ஒன்றும் மிச்சமில்லை. ரேக்கைப் பார்த்தான், தரையில் சிவந்து உட்கார்ந்திருந்த மனிதரைப் பார்த்தான்.

"இன்னைக்கு இருக்கட்டும் அங்கிள், மேல நான் பேசிக்கிறேன். ஆனா நாளைக்குக் கடை திறக்கிறதுக்குள்ள சரியான நம்பர் ஒட்டணும். கோடு ஒண்ணு, எழுத்து ஒண்ணா இருந்தா நான் வெக்க முடியாது. இந்தப் பொண்ணு நித்தியா சொல்லுச்சு, 'அங்கிள் தானே உக்காந்து துடைக்கிறாரு, ஒரு நாள் கொடுங்க'ன்னு. அதுக்காகத்தான்."

அவர் மில்லுக்குத் திரும்பியபோது மாலை வெயில் செம்பனைகளின் பின்னால் இறங்கியிருந்தது. துளசி நிச்சயதார்த்தச் சேலையோடு லேபிள் மெஷினுக்கு முன்னால் உட்கார்ந்திருந்தாள். அமராவதி அவளுக்குத் தேநீர் வைத்திருந்தாள், அவள் குடிக்கவில்லை. உடையப்பனின் நெற்றியைப் பார்த்ததும் அமராவதி முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள்.

"என்னை வேலைய விட்டு நிப்பாட்டுறதா இருந்தா நிப்பாட்டிருங்க அங்கிள்," என்றாள் துளசி. "ஆனா நாளைக்கு ஒட்டுற ஸ்டிக்கர அடிச்சுக் கொடுத்திட்டுப் போறேன். நீங்க பயந்துபோய் நின்னீங்க. சந்தோஷமா இருக்கட்டும்னுதான் பொய் நம்பர் போட்டேன். தப்புதான்."

வரும் வழியெல்லாம் அவளைத் திட்டுவதற்கு உடையப்பன் நல்ல நல்ல வார்த்தைகளாகச் சேர்த்துக்கொண்டு வந்திருந்தார். இப்போது எடுக்கப் போனால் ஒன்றும் கைக்கு வரவில்லை. முன்பின் பழக்கமில்லாத ஒரு பெண், அதுவும் அவர் படுத்தியெடுத்த ஒரு பெண், அவருடைய அசட்டுத்தனத்தை எடுத்துத் தன் நெற்றியில் வைத்துக்கொண்டாள். அதைப் பார்த்துவிட்டு வந்து இவளைத் திட்ட வாய் வரவில்லை.

"உண்மையச் சொல்லியிருந்தா நான் கேட்டிருப்பேனா?" என்றார்.

"சொன்னேனே அங்கிள். கிராணி கதையெல்லாம் சொன்னேனே."

"ஆமா. நான்தான் கிராணிய மாத்தப் பாத்தேன்." நாற்காலியை இழுத்துப் போட்டு அவள் பக்கத்தில் உட்கார்ந்தார். "அடி. நான் பாக்குறேன்."

துளசி புதிதாக ஒரு சிறிய ஸ்டிக்கரை வடிவமைத்தாள். பழைய பார்கோட்டின் மேல் அப்படியே ஒட்டுகிற அளவு. தனியாக வைத்த எழுத்துப் பெட்டியை அழித்தாள். கோட்டோடு சேர்ந்து எண் காட்டுகிற வசதியைத் திரும்ப இயக்கினாள். திரையில் கோடுகளும் எண்களும் ஒன்றாக வந்து நின்றன. கடைசியில் எட்டு.

உடையப்பன் அதைக் கண்கொட்டாமல் பார்த்தார். தொண்டையைச் செருமினார்.

"துளசி, அந்தக் கடைசி நம்பரை மட்டும் கொஞ்சம் சின்னதா போட முடியுமா?"

"முடியாது அங்கிள்."

"சும்மா கேட்டேன்."

மெஷின் ஓடத் தொடங்கியது. நாக்கை நீட்டுவதுபோல் ஸ்டிக்கர்கள் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. அமராவதி வந்து பார்த்துவிட்டு, "எட்டு அழகாத்தான் இருக்கு. மூக்கும் முழியுமா," என்றாள். துளசி அப்போதுதான் ஆறிப்போன தேநீரை எடுத்துக் குடித்தாள்.

மறுநாள் காலை, கடை திறக்கும் முன்பே, மூவரும் ரேக்கின் முன்னால் உட்கார்ந்து ஸ்டிக்கர் ஒட்டினார்கள். சீக்கிரம் வந்துவிட்ட நித்தியா பையை வைத்துவிட்டு வந்து அவர்களோடு உட்கார்ந்தாள். கா ரோஸும் வந்தாள். உடையப்பன் வீட்டிலிருந்து ஒரு சின்னக் கிண்ணத்தில் குங்குமம் கொண்டு வந்திருந்தார். பாக்கெட்டின் பக்கம் அதைக் கொண்டுபோகவில்லை. நித்தியாவின் முன்னால் நீட்டினார். அவள் எடுத்து வைத்துக்கொண்டாள். கா ரோஸுக்கு என்ன கொடுப்பது என்று தெரியாமல் அவர் விழித்தபோது, அமராவதி தூக்குச்சட்டியைத் திறந்து இடியப்பத்தை நீட்டினாள். அவளும் எடுத்துக்கொண்டாள்.

ஷர்வின் ஒரு பாக்கெட்டை எடுத்துப்போய்ச் சோதித்தான். மெஷின் பிப் என்றது. பிறகு அதே எண்ணைக் கையால் தட்டிப் பார்த்தான். கடைசி எண்ணுக்கு அவன் விரல் போனபோது உடையப்பன் கண்ணை மூடிக்கொண்டார்.

பிப் என்றது.

"ஓகே அங்கிள். ரேக்கு இருக்கட்டும்."

உடையப்பன் கண்ணைத் திறந்தார். நன்றி சொல்ல அன்றும் நிறையப் பேர் இருந்தார்கள். இந்த முறை முருகனைக் கொஞ்சம் காத்திருக்கச் சொல்லிவிட்டு, முதலில் நித்தியாவின் பக்கம் திரும்பினார். "அம்மா," என்று தொடங்கி, அடுத்து என்ன சொல்வது என்று தெரியாமல், "கிழக்கு எந்தப் பக்கம்னு இப்ப கண்டுபிடிச்சிட்டியா?" என்றார்.

நித்தியா மீன் பகுதியைக் காட்டினாள்.